ஐந்தாம் ஞாயிறும் எண்பத்தொரு அடியும்

நார்ஃபோக்கில் எங்கள் ஊரான ஹெம்ஸ்டனில் ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டு கோயில்கள். பொட்டால்ஃப் கோயிலுக்கும் மார்கரெட் கோயிலுக்கும் நடுவே முப்பதடிகூட இருக்காது. எண்ணூறு வருஷத்துக்கு முன் இரண்டு பண்ணையார்களுக்கு ஆகவில்லை, ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்கள். அவர்கள் மண்ணாகிப் போனார்கள். வீம்பு மட்டும் போகவில்லை.

இரண்டு சாவியும் மேவிஸ் தெர்கெட்டிலிடம்தான். கோயில் பொறுப்பாளர் என்று பெயர். வேலை என்னவோ ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது, வௌவால் எச்சம் சுரண்டுவது, இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்குவது. முப்பது வருஷமாக இதே பிழைப்பு. புருஷனைப் புதைத்த மறுநாளும் பூ மாற்ற வந்தாராம். வயது எழுபத்தெட்டு என்பார். எண்பது தாண்டியவர்கள் ஏணி ஏறக் கூடாது, சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது காப்பீட்டுக்காரர்கள் போட்ட விதி.

ஒன்றாம், மூன்றாம் ஞாயிறு ஆராதனை பொட்டால்ஃபில். இரண்டாம், நான்காம் ஞாயிறு மார்கரெட்டில். ஐந்தாம் ஞாயிறு வந்தால் எங்கே என்று எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அன்றைக்கு அவரவர் கோயிலில் அவரவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பேராயத்து அதிகாரி வருவதாகச் சொன்ன நாள், மே மாதத்து ஐந்தாம் ஞாயிறு. வேறு நாளே கிடைக்கவில்லை அவருக்கு. பொட்டால்ஃபில் முப்பது தலை இருந்தால் கூரையைச் சரிசெய்வார்களாம். இல்லையென்றால் நிரந்தரப் பூட்டு.

மேவிஸ் வீடுவீடாக ஏறி இறங்கினார். மார்கரெட் கட்சித் தலைவர் எர்னி கெட்ஜ் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எங்க தாத்தா அஞ்சாவது ஞாயிறுல அங்க காலே வச்சதில்ல. நான் போனா எந்திரிச்சு வந்துருவாரு, மேவிஸ்."

"வரட்டும். அவரையும் சேத்து எண்ணிக்கிறேன்."

அன்று மழை. பொட்டால்ஃபில் போதகரையும் அதிகாரியையும் விட்டால் பதினொரு பேர். எதிரே மார்கரெட் நிறைந்திருந்தது, போதகரே இல்லாமல். அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். மேவிஸ் நேரே மணிக்கயிற்றடிக்கு, மணியடிக்கும் என்னிடம் வந்தார்.

"பிரையனி, ஆறு அடி."

எங்கள் ஊரில் சாவு என்றால் மணி அடிக்கும். ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு, பிறகு வயதுக்கு வருஷத்துக்கொன்று. எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். அந்த மணியும் பொட்டால்ஃபில்தான் இருக்கிறது. மார்கரெட் கோபுரம் எப்போதோ விழுந்துவிட்டது.

"யாரு செத்தது?"

"அப்புறம் எண்பத்தொண்ணு. எண்ணத் தெரியுமில்ல?"

"நீங்க எழுபத்தெட்டுதான..."

"அடிடி."

அடித்தேன். எதிரே மார்கரெட்டில் ஆறாவது அடியோடு பேச்சு நின்றதாம். எழுபத்தெட்டில் எல்லோரும் மேவிஸ் என்று முணுமுணுத்தார்கள். மணி நிற்காமல் போகவும் வேறு யாரென்று குழம்பினார்கள். எர்னி மட்டும் குழம்பவில்லை. மேவிஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். எண்பத்தொன்றில் மணி நின்றதும் தொப்பியை மறந்து மழையில் ஓடினார். தலைவர் ஓடினால் கட்சியும் ஓடும்.

வாசலில் நின்றவருக்கு மூச்சு வாங்கியது. மேவிஸ் பாட்டுப் புத்தகங்களோடு எதிரே நின்றார்.

"எண்பதுல நிக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன், பாவி," என்றார் எர்னி, மெதுவாக.

"வாசல மறிக்காத, எர்னி. பின்னாடி நாப்பது பேர் நனையறாங்க."

அதிகாரி எண்ணினார். போன வாரம் கடிதம் வந்தது, கூரை போடுகிறார்கள்.

திட்டு முழுக்க எனக்கு. பாட்டு எண் பலகையை மாற்றி வைத்த பழைய கணக்குகள் இருப்பதால், இதுவும் என் குறும்பு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அது சரி, எழுபத்தெட்டில் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். எண்ணிக்கை தவறிவிட்டது என்றேன். கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

"அவளுக்கு எண்ணவே வராது," என்று எர்னியும் சாட்சி சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

மேவிஸ் ஏணியில்தான் இருக்கிறார். ஆகஸ்டிலும் ஐந்து ஞாயிறு வருகிறது. வரமாட்டேன் என்று எர்னி இப்போதே சொல்லிவிட்டார்.