எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்து

மலையாளக் கரையில், கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஃப்ளாப்பி இருக்கும். மற்ற ஆண்கள் சீப்பு வைத்திருப்பார்கள், எனக்கு இது. அதில் ஒரே ஒரு கோப்புதான். நான் புரோகிராம் எழுதுகிற எடிட்டர் எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற கோப்பு. பின்னணி கறுப்பு. எழுத்து மஞ்சள், அதுவும் மற்றவர்கள் வைப்பதைப் போல இரண்டு பங்கு பெரிசாக. கர்சர் நிற்கிற வரிக்கு மட்டும் நீலம். இந்தக் கோப்பை ஏற்றாத கணினியின் முன்னால் உட்கார்ந்தால் நானும் எழுத்தறியாதவனும் ஒன்றுதான்.

ஆபீசில் கேலிக்குக் குறைவில்லை. அப்பாவுக்குச் சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை. கடைத் தெருவில் வளர்ந்தவன் கடை போர்டு மாதிரிதானே எழுத்து வைப்பான் என்பார்கள். ரசனை கெட்ட ஜனங்கள் என்று நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். உண்மை என்னவென்றால், ஒரு சொல்லை நேராகப் பார்த்தால் அதன் நடுவில் இரண்டு எழுத்தைக் காணாது. பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் அவை திரும்பி வரும். நடுப்பார்வை தேய்கிறது, கண்ணாடி போட்டு ஆகப்போவதில்லை என்றார் கண் டாக்டர். இப்படியே நின்றாலும் நிற்கலாம், மேலும் போனாலும் போகலாம், தன்னால் சொல்ல முடியாது என்றார். இதைச் சொல்லவா சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பவர் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. கண்ணில் ஓட்டை விழுகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பு எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி இருக்கும்வரை என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆனால் அதை ஒரே மாதிரி வைத்திருப்பது லேசான காரியமில்லை. ஆபீசில் யூனிக்ஸ், வாடிக்கையாளர்கள் இடத்தில் விண்டோஸ், வீட்டில் நானே பாகங்களை வாங்கிச் சேர்த்த கணினியில் லினக்ஸ். ஒன்றில் இருக்கிற எழுத்துரு இன்னொன்றில் இருக்காது. அளவுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் இங்கே பூசணிக்காய், அங்கே கடுகு. விண்டோஸில் சேமித்ததை யூனிக்ஸில் ஏற்றினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேண்டாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். எடிட்டர் மொத்தக் கோப்பையும் துப்பிவிடும். இது விண்டோஸ் என்றால் இந்த எழுத்துரு, லினக்ஸ் என்றால் அந்த எழுத்துரு என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைத்தேன். அப்புறமும் நிம்மதியில்லை. ஆபீசில் அளவைக் கூட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்து வர மறப்பேன். வீட்டில் பழைய கோப்பில் வேறெதையோ மாற்றி, மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய் ஆபீஸ் கோப்பின் மேலேயே போட்டுவிடுவேன். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் நனைந்து போன ஃப்ளாப்பிகள் தனி. கடைசியில் ஆபீஸ் சர்வரில் ஒரு பிரதி வைத்து, வீட்டிலிருந்து மோடம் வழியாக அதை இழுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தேன்.

பஸ் போர்டைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிழக்கேகோட்டை போகுமா என்று வண்டிக்கு வண்டி கேட்பேன். "போர்டு கண்டூடே?" என்பார் கண்டக்டர். பார்க்கக் கூடாதா என்று கேட்கிறவனிடம் என்னத்தைச் சொல்ல.

என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மலையாளி, கல்லாற்றுக்காரர், என்னைவிட மூத்தவர். சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். என்னோடு பேசிப் பேசி அவருக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது. ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் வாடிக்கையாளர் ஒருவரின் ஆபீசுக்கு, செய்து முடித்த வேலையைக் காட்டப் போனோம். வைரஸுக்குப் பயந்து அங்கே ஃப்ளாப்பி போடுகிற வாயையே அடைத்து வைத்திருந்தார்கள். திரையில் வெள்ளைப் பின்னணி, அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு எழுத்து. எனக்குப் பின்னால் நின்ற மேனேஜர் ஒரு வரியை விரலால் தொட்டு, இதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டார். எது அந்த வரி என்றே எனக்குத் தெரியவில்லை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், வியர்த்துவிட்டது. சேட்டன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது தான் எழுதிய பகுதி என்று சொல்லி கீபோர்டை வாங்கிக்கொண்டார். அதை எழுதியவன் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கண்ணு எத்தர நாளாயிட்டு இப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பவர்தான், உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அதன் பிறகு இறங்கும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் மீட்டிங் அறையில் இருந்த கணினியில் எதையோ பார்க்க வேண்டியிருந்தது. என் பெயரில் நுழைந்து எடிட்டரைத் திறந்தால் கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து. அந்தக் கணினியை நான் தொட்டதே இல்லை. மற்றக் கணினிகளையும் போய்ப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அப்படியே. சர்வரில் இருந்த என் கோப்பை எடுத்துச் சேட்டன் ஆபீஸ் முழுக்கப் போட்டு வைத்திருந்தார். நான் ஒளித்து வைத்ததை அறைக்கு அறை மாட்டிவிட்டாரே என்று ஆத்திரம்தான் வந்தது. தேநீர் குடிக்கிற இடத்தில் எல்லோரும் பார்க்கப் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ எங்க இருந்தாலும் நினக்கு வாசிக்கணும். அத்தரதான்."

அதற்குப் பிறகு ஆபீசில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கடை போர்டு என்று ஒருவராவது சொல்லமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எடிட்டரைத் திறந்தேன். எழுத்துகள் பிய்ந்து பிய்ந்து தெரிந்தன. ஓரமாகப் பார்த்தும் சேரவில்லை. உடனே எனக்குத் தோன்றியது, வீட்டுக் கோப்பு பழசு என்றுதான். வெள்ளிக்கிழமை ஆபீசில் அளவைக் கூட்டியிருந்தேன், அது இங்கே வந்து சேர்ந்திருக்காது. எத்தனையோ தடவை நடந்ததுதானே. வீட்டுக் கோப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மோடத்தை முடுக்கி சர்வர் பிரதியை இழுத்துப் போட்டேன். எழுத்து அப்படியேதான் இருந்தது. சரி, எங்கேதான் வித்தியாசம் என்று பார்த்துவிடலாம் என்று, அந்த இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுகிற கட்டளையைக் கொடுத்தேன். மாறியிருக்கிற வரிகளை அது திரையில் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவுமே சொல்லாது.

திரையில் ஏதாவது வந்ததா, வரவில்லையா? எனக்குத் தெரியவில்லை. வந்து, என் பார்வையின் ஓட்டைக்குள் விழுந்திருக்கலாம். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தேன். மனைவி அடுக்களை வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில்காரி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். சும்மா கேட்கிற மாதிரி, கடைசியில் ஏதாவது வந்திருக்கிறதா பார் என்றேன்.

அவள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "ஒண்ணும் வரல்லியே. வெறுமெ கெடக்கு."

கிட்ட வந்து நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"கிட்ட வந்து பாக்க என்ன இருக்கு? இம்புட்டு பெரிய எழுத்து, இங்க நின்னே எல்லாம் வாசிக்கலாமே."

அப்படியானால் இரண்டு கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரே ஒரு வரியாவது மாறியிருக்கக் கூடாதா? நான் திரும்பவில்லை. கீரை உருவுகிற சத்தம் நின்றது. அவள் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியல்லியா?"

"தெரியல்ல" என்றேன்.