வலப்பக்கத் தழும்பு

பண்டாரவளையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், மருந்துச் செலவுக்கான படிவத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கொஸ்லந்தப் பக்கத் தோட்டத் தொழிலாளி ஒருவர். ஒல்லியான ஆள், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. பதில் சொல்லும்போதெல்லாம் அதைக் கழற்றுவார், சொல்லி முடித்ததும் மாட்டிக்கொள்வார்.

குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கான செலவைக் கேட்டு அவர் வருவது அது நான்காவது முறை.

"வைத்தியசாலைக் கடிதத்தில இடப்பக்கம் வெட்டினது எண்டு கிடக்கு," என்றார் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா. "குடல்வால் வலப்பக்கமெல்லோ?"

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டையைத் தூக்கி, வலப்பக்கத்துத் தழும்பைக் காட்டினார். "நீங்களே பாருங்க ஐயா."

"நான் பாத்துச் சரிவராது. கடிதத்தைத் திருத்திக்கொண்டு வாங்கோ."

"எழுதுன டாக்டரு மாத்தலாகிப் போயிட்டாருங்க. கடிதாசி தப்புன்னா வயித்தையா மாத்த முடியும்?"

வரிசையே சிரித்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த மேலாளர், குனிந்து தழும்பைப் பார்த்தார். 'நேரில் பார்த்தேன், வலப்பக்கம்தான்' என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

வேலை முடிந்தும் தொழிலாளி நகரவில்லை. "சம்சாரத்தையும் காப்புறுதியில சேக்கணும். ஒரு ஃபோம் குடுங்க ஐயா."

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு அலைஞ்ச பிறகுமா?"

"இப்பதான் வழி தெரிஞ்சிருச்சே சார்," என்றார்.

படிவத்தை நான்காக மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதை நம்பிக்கையோடு சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.