‘நீ எந்த ஊருக்காரன்லே?’

இரண்டு வருடங்களுக்கு முன், வெம்பக்கோட்டைப் பக்கம் தைப்பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டியில் என் வலது முழங்கால் ஜவ்வு அறுந்தது. பாடி வந்த எதிரணியின் ஏழாம் நம்பர் ஆட்டக்காரனைக் கணுக்காலில் பிடித்தேன். அவன் திமிறியதில் மொத்த எடையும் என் காலின் மேல் விழுந்தது. அப்போதும் பிடியை நான் விடவில்லை என்பதில் இன்னமும் எனக்குப் பெருமைதான். பாயிண்ட் எங்களுக்குக் கிடைத்தது. என்னைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மதுரையில் ஆபரேஷன். ஒன்பது மாதத்துக்கு ஆடக் கூடாது என்றார் டாக்டர். சிவகாசி அச்சகத்தில் எனக்கு நின்றுகொண்டே பார்க்கும் வேலை, அதற்கும் லீவு. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் மனைவி காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். அதுவரை குதிகாலில் துண்டை மாட்டி இழுத்துக் காலை மடக்கிப் பழகுவேன். கூடவே அந்த ஏழாம் நம்பரை மனதாரத் திட்டுவேன். ‘எப்படி இருக்கீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்க வரவில்லையே என்ற கோபம் வேறு.

பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் பொங்கல். கபடிக்கு வர்ணனை சொல்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நண்பர்கள் என்னை நாற்காலியோடு மேடையில் ஏற்றி, “வாய்க்கு ஒண்ணும் அடிபடலைல்ல?” என்று மைக்கைக் கையில் திணித்தார்கள்.

நன்றாகத்தான் போனது. கடைசி நிமிடம், இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரர் பாடி வருகிறார். எங்கள் வலது மூலைக்காரன் பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் நிற்கும் இடமல்லவா அது! “ஏலே, கணுக்காலப் பிடிலே!” என்று மைக்கிலேயே கத்திவிட்டேன். அவனும் பிடித்துவிட்டான்.

“மைக்கு சொல்லிக் குடுத்தா நாங்க எதுக்கு ஆடணும்?” என்று எதிரணி களத்தை விட்டு வெளியேறியது. நடுவர் பாயிண்டை அவர்களுக்குக் கொடுக்க, என் வாயால் எங்கள் ஊர் தோற்றது. இப்போதைக்கு ஆடவும் முடியாது, இனி மேடையிலும் ஏற்ற மாட்டார்கள். கபடிக்கும் எனக்கும் உறவு அவ்வளவுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மாலை மனைவி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மனம் கேட்காமல் கரண்டியை மைக்காகப் பிடித்து ஆரம்பித்தேன். “மூணாவது தோசை கல்லுல விழுகுது... எண்ணெய் விடு... திருப்பு, திருப்பு, கருகுது!”

அவள் தோசைக்கரண்டியோடு திரும்பினாள். “எனக்குத் தோசை சுடச் சொல்லித் தராதீக. நடக்குறத மட்டும் சொல்லுங்க. அம்புட்டுதான் உங்க வேலை.”

நேற்று நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முதல் தினமும் அடுப்படியில் வர்ணனைப் பயிற்சி. வாய் தவறிப் புத்தி சொன்னால் ஒரு தோசை குறையும். முதல் மாதம் நான் நன்றாகவே இளைத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்குத் தாயில்பட்டிப் பக்கம் போட்டி. கெஞ்சிக் கேட்டு மைக் வாங்கினேன். அன்று லீவு என்பதால் மனைவியும் கூட வந்திருந்தாள். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் அந்த ஏழாம் நம்பரின் ஊரும் மோதின. அவன் இரண்டு முறை பாடி வந்து வெறுங்கையோடு திரும்பினான். மேடையிலிருந்து பார்த்ததால்தான் தெரிந்தது: எங்கள் வலது மூலைப் பக்கமே அவன் போகவில்லை. இன்னொருவன் கால் போய்விடுமோ என்ற பயம்!

‘நல்லா வேணும்’ என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன்? ஆனால் ஏழு மாதமாக நான் வீட்டில் கிடந்து பட்ட வேதனையை அவன் களத்தில் நின்று பட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை அவன் கோட்டருகே வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“பாடி வர்றது ஏழாம் நம்பர். தைப்பொங்கலுக்கு இவரைப் பிடிச்சு முழங்கால் போனவன் நான்தான். கால் இப்ப நல்லாருக்கு. இங்கன நின்னுக்கிட்டுதான் பேசுறேன்!”

இதில் புத்தி எதுவும் இல்லை. நடப்பதைத்தான் சொன்னேன்.

கூட்டம் கைதட்டியது. அவன் மேடையை ஒரு கணம் பார்த்தான். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேராக வலது மூலைக்குப் பாய்ந்தான். மூன்று பேரைத் தொட்டு, அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டான். “மூணு பாயிண்ட்! அடேயப்பா, மூணு பாயிண்ட்!” என்று நான் குதிக்காத குறை.

எங்கள் கேப்டன் இடுப்பில் கைவைத்து மேடையைப் பார்த்தான். “ஏலே, நீ எந்த ஊருக்காரன்லே?”

மைதானமே சிரித்தது. இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, ஆசுபத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவ வந்தேன். உள்ள வரத்தான் தைரியம் இல்ல.” அவ்வளவு நாள் திட்டியதெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, “இன்னைக்கு உங்களுக்கு ஒரு தோசை கூட” என்றாள்.

இப்போது மறுபடி ஆடுகிறேன், அழைத்தால் மைக்கும் பிடிக்கிறேன். பன்னிரண்டு வருடம் எங்கள் அணியின் ஏழு பேரை மட்டுமே பார்த்து ஆடிய எனக்கு, களத்தில் இருப்பது பதினான்கு பேர் என்று தெரிய ஒரு முழங்கால் போக வேண்டியிருந்தது.