உச்சிமணி அடிக்காத நாள்

இன்று பழங்காநத்தத்தில் கரண்ட் இல்லை. தெருக்கோயிலின் மின்சார மணி உச்சிவேளைக்கு ஒலிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. "யாரு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். மருமகள் சிரித்தாள். "கரண்டுதான் போயிருச்சு அத்தே."

யுத்தகாலத்தில் நான் சிறுமி. நாகமலையை ஒட்டிய எங்கள் ஊருக்கு மேலே, மலையுச்சியில் பாண்டியர் கட்டிய கற்கோயில் இருந்தது. அதன் உச்சிமணி கேட்டுத்தான் வயலில் கஞ்சிக் கலயத்தைத் திறப்பார்கள். சேற்றில் நிற்கும் என் கணுக்காலில்கூட அந்த ஓசை அதிர்வதாக நினைத்துக்கொள்வேன். ஊரில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை மலைமேல் பூசை இல்லை, மணியும் இல்லை.

அன்று அம்மாவோடு களை பறிக்கப் போயிருந்தேன். காய்ச்சலில் கிடந்த தம்பியைச் சித்தியிடம் விட்டிருந்தோம். வெயில் உச்சிக்கு வந்தும் மணி அடிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

"எந்த வீடோ, பாவம்" என்றாள் அம்மா. "மேலத்தெருப் பெரியவராத்தான் இருக்கும். ரெம்ப நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு."

சித்தப்பா வரப்பில் வந்தார். அவர் தாண்டிப் போகப் போக, ஒவ்வொருத்தியும் பெருமூச்சு விட்டுத் திரும்பக் குனிந்தாள். அம்மா மட்டும் குனியவில்லை. அவர் வேறு வரப்பில் திரும்பிவிடுவார் என்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். "மதினி" என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

அம்மா அழவில்லை. மலையைப் பார்த்தாள்.

"மேல போயி மணிய அடிக்கச் சொல்லுங்க" என்றாள். "அடிச்சாச் சரியாயிரும்."