மாமனார் துடைத்த கண்ணாடிக் கதவு

கல்யாணமாகி சேக்காட்டுக்கு வந்த மூணாம் நாளே நான் முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுல என்னைச் சேர்த்துக்கலன்னு. எதை வெச்சு முடிவு பண்ணினேன்னா, குளிக்கிறதை வெச்சு.

நான் குளிச்சுட்டுத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெளிய வருவேன். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துறதுக்குள்ள, எங்க மாமனார் பாத்ரூமுக்குள்ள நுழைஞ்சிருப்பார். குளிக்க இல்ல. அவர் விடிகாலையிலயே குளிச்சு முடிச்சு, நெத்தியில விபூதியோட பேப்பர் படிச்சிட்டிருக்கிற ஆள். உள்ள கீச் கீச்னு என்னமோ சத்தம் கேக்கும். அப்புறம் ஒரு ஈரத்துணியோட வெளிய வந்து, என்னைப் பார்க்காத மாதிரி மொட்டை மாடிக்குப் போய் அதைக் காயப்போடுவார்.

அத்தை குளிச்சுட்டு வந்தா போக மாட்டார். அவர் பையன் குளிச்சுட்டு வந்தாலும் போக மாட்டார். எனக்கு மட்டும்தான் இந்த மரியாதை.

நான் கொரட்டூர்ப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற குடும்பம். இவங்க ஆடி மாசம் தெருவுக்கே கூழ் ஊத்துற குடும்பம். ஒரே கம்பெனி பஸ்ல போய் வந்த பழக்கத்துல நாங்க ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னு கல்யாணம் பண்ணிக்கிட்டோம். ரெண்டு வீட்டுலயும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் சரின்னாங்க. அதனால எனக்குக் காரணம் தேட ரொம்ப நேரம் ஆகல. நான் நின்ன இடம் இவருக்குத் தீட்டு. அதான் கழுவுறார்.

இதுக்குத் தோதா இன்னொண்ணும் இருந்துச்சு. வீட்டுல மத்த எல்லார்கிட்டயும் தெருக்கோடி வரைக்கும் கேக்குற குரல்ல பேசுற மனுஷன், என்கிட்ட மட்டும் 'சாப்ட்டியாம்மா' ன்னு ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி மெதுவா கேப்பார். நான் பாதி கடிச்சு வெச்ச வடையை அத்தை எடுத்துத் தின்னதோ, நான் குடிச்ச டம்ளர்லயே மாமா டீ ஊத்திக் குடிச்சதோ என் கண்ணுல படல. வருத்தப்படுறதுன்னு உக்காந்துட்டா நான் ரொம்ப மும்முரமா வருத்தப்படுவேன்.

நேரா கேட்டிருக்கலாமே? கேக்கல. 'ஆமா'ன்னு சொல்லிட்டா என்ன பண்றது. அதுக்குப் பயந்து வீட்டுக்காரர்கிட்டயும் வாயைத் திறக்கல. எங்கம்மாகிட்ட மட்டும் போன்ல அழுதேன். அவங்க 'பொறுத்துக்கோ, இல்லன்னா கிளம்பி வா'ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

அடுத்த நாள்லேர்ந்து நான் பின்கட்டுக்குப் போயிட்டேன். அங்க துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு பழைய பாத்ரூம் உண்டு. ஒரு பக்கெட், ஒரு மக்கு, நிரந்தரமா ஒரு பல்லி. பல்லியைப் பார்த்துக்கிட்டே ஒரு வாரம் குளிச்சேன். முன்னாடி பாத்ரூம் புதுசு, ஷவர், கண்ணாடிக் கதவுன்னு பளபளன்னு கிடந்துச்சு. கிடக்கட்டும், நமக்கென்ன ரோஷம் இல்லையா.

ஒரு நாள் காலையில அவரைக்காய் நறுக்கிக்கிட்டே அத்தை கேட்டாங்க. "இன்னாம்மா, அந்த பாத்ரூம் உனக்குப் புடிக்கலியா? உங்க மாமா ஒரு வாரமா சரியா சாப்புடாம கீறாரு. நம்ம ஊட்டுத் தண்ணி அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கல, முடி கொட்டுது போல, கேன் தண்ணி வாங்கித் தரலாமான்னு பொலம்பிக்கினே கீறாரு."

அவ்வளவுதான், எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. "நான் குளிச்ச இடத்தை அவர் ஏன் அத்தை கழுவுறார்?"

அத்தை கத்தியைக் கீழ வெச்சாங்க. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவங்க, என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாடி நிறுத்தினாங்க.

"உப்பும்மா. போர் தண்ணி. ஈரத்தோட உட்டா ரெண்டே நாள்ல வெள்ளை வெள்ளையா பூத்துக்கும். அப்புறம் எலுமிச்சம்பழம் வெச்சுத் தேய்ச்சாலும் போவாது. நாங்கள்லாம் குளிச்சதும் தொடைச்சுட்டுத்தான் வருவோம். உனக்கு யாரும் சொல்லல."

கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்த குட்டி ரப்பர் வைப்பரைக் காட்டினாங்க. நான் அதைத் தரைக்குன்னு நெனச்சு, வந்த புதுசுல அதால தரைத் தண்ணியைத் தள்ளியிருக்கேன். அதைப் பார்த்து அந்த மனுஷன் மனசு என்ன பாடுபட்டிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவர், பாலீஷ் போட்ட சாமான்ல ஒரு கீறல் இருந்தா வண்டியையே திருப்பி அனுப்பினவர்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அத்தை?"

"மருமவகிட்டப் போய் குளிக்கிறதைப் பத்தி அவரு இன்னான்னு பேசுவாரு? என்னைச் சொல்லச் சொன்னாரு. வந்த உடனே வேலை சொல்றாங்கன்னு நீ நெனச்சுக்குவியேன்னு நானும் உட்டுட்டேன். நீ வர்றேன்னுதாம்மா இந்தக் கண்ணாடியே போட்டாரு. உங்க ஊட்டுல ஷவர் கீதாமே, நம்ம புள்ளதான் சொன்னான்."

எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. மனசுக்குள்ளயே அவரை என்னென்ன பேசியிருப்பேன். என் வீட்டுக்காரர் சாயந்தரம் வந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நீ கேக்கவே இல்லியே'ன்னார். அவருக்கு நான் கொடுத்த டோஸை இங்க எழுதுறதா இல்ல.

மறுநாள் பல்லிக்கு லீவு விட்டுட்டு முன்னாடி பாத்ரூம்ல குளிச்சேன். குளிச்சு முடிச்சு, மேலேர்ந்து கீழ வரைக்கும் வைப்பரால ஒரே இழுப்பா தண்ணியை வழிச்சேன். அப்புறம் கம்பியில தொங்கின மாமாவோட பழைய பனியன் துணியால ஒத்தி எடுத்தேன். காத்தோட்டமா கதவையும் திறந்து வெச்சேன். வெளிய வந்து ரூமுக்குள்ள நின்னு காதைத் தீட்டிக்கிட்டேன்.

மாமா எழுந்து போற சத்தம் கேட்டுச்சு. கீச் கீச் கேக்கல. வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பார்க்கிறார்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் வந்துச்சு, தெருக்கோடி வரைக்கும் கேக்குற அந்தக் குரல்.

"இன்னாம்மா தொடைச்சிருக்க? கதவு கீல் பக்கமெல்லாம் தண்ணி அப்புடியே நிக்குது. நாளைக்கு உப்பு பூத்துக்கினா யாரு சொரண்டுறது, உங்க அத்தையா?"

இதோ வர்றேன் மாமான்னு ஓடினேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே கீல் பக்கம் துடைச்சேன். அவர் வாசல்ல நின்னு பார்த்துட்டு, இன்னொரு தடவை துடைன்னார்.