நெத்திலி இல்லாத நாசி லெமாக்

டாக்டர் என் மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தார். பக்கத்திலேயே என் கணவருடைய தாளையும் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதில் ஹார்ட் அட்டாக் வந்தவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் விளையாடவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கொலஸ்ட்ரால், ஐம்பத்திரண்டு வயது அப்பாவுடையதைவிட அதிகமாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆறு வாரத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் கை கழுவ எழுந்த என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்தபோதும் நான் சிரித்தேன். பிரியாணி அதிகமாகிவிட்டது என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவருடைய சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஒருவர் காரை எடுக்க ஓடினார். அவர் பிழைத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குள் தானே நடந்து வந்தார், ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கும் மறுபடி போனார். நான்தான் இன்னும் அந்தக் கல்யாண மண்டபத்துத் தரையிலேயே இருந்தேன்.

இப்போது மகளுக்கும். மூங்கில் குச்சி மாதிரி இருப்பாள். கல்லூரியில் நெட்பால் ஆடுகிறவள்.

"குடும்பத்தில் வருகிற கொலஸ்ட்ரால். ஒல்லி, குண்டு பார்க்காது," என்றார் டாக்டர். "மூன்று மாதம் சாப்பாட்டைச் சரி செய்து பாருங்கள். பிறகு மறுபடி ரத்தம் எடுப்போம். இறங்காவிட்டால் மாத்திரை."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுளுக்கும்."

டயட்டீஷியனைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நான் கைப்பைக்குள் மடித்து வைத்ததோடு சரி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் உணவுக் கூம்பகம் வரைந்து காட்டுகிற ஆசிரியை நான். எனக்கு எதற்கு டயட்டீஷியன்?

புரட்டாசி பிறக்க ஒரு வாரம் இருந்தது. பெருமாளே வழி காட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மூன்று மாதமும் வீட்டில் சுத்த சைவம். கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து அலமாரியின் உச்சியில் ஏற்றினேன்.

"தீபாவளிக்குமா?" என்றார் கணவர்.

"தீபாவளிக்கும்தான்."

"இட்லிக்கு ஆட்டுக்கறி இல்லாம தீபாவளியா? எனக்கு இன்னொரு அட்டாக் வந்துடும்."

"அப்பா!" என்றாள் மகள்.

ஆட்டுக்கறி இல்லாமலே தீபாவளி வந்தது. முறுக்கும் நெய் உருண்டையும் டின் டின்னாக வந்தன. எல்லாம் சைவம்தானே? மகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று நானும் நெய்யை ஊற்றி ஊற்றிப் போட்டேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். "உயிரோடதான் இருக்கேன்மா!" என்று உள்ளேயிருந்து கத்துவாள். அதைக் கேட்டுச் சமையலறைக்குப் போய் இன்னும் ஒரு கரண்டி நெய்யை உருக்குவேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் ஏறியிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "டயட்டீஷியன் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் போனை எடுத்துப் பேசி, அன்றைக்கே அடுத்த மாடிக்கு அனுப்பி வைத்தார்.

டயட்டீஷியன் சின்னப் பெண். எனக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம்.

"மூணு மாசமா சுத்த சைவம்," என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

"நல்லதுங்க ஆன்டி. காலையில தங்கச்சி என்ன சாப்பிடுவாங்க?"

"நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறுதான், நெத்திலி, முட்டை ரெண்டும் இல்லாம."

எழுதிக்கொண்டாள். "மத்தியானம்?"

"நெய் சாதம். தேங்காய்ப்பால் குருமா. சீனர் சைவக்கடையில விக்கிற சோயா மட்டன்."

"பொரிச்சதா?"

"பொரிக்காம எப்படிம்மா சாப்பிடறது?"

"சாயங்காலம்?"

"பீசாங் கோரேங்," என்றாள் மகள். "வாழைப்பழத்தைப் பொரிச்சு ஆறு துண்டு. அப்புறம் நெய் உருண்டை இருக்குக்கா, அம்மா கணக்கே பாக்க மாட்டாங்க லா."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "ஆன்டி, நீங்க வீட்டை விட்டுத் துரத்துனது நெத்திலியை மட்டும்தான். பாவம், அந்தத் தட்டுல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்."

முதலில் என் கணவர் சிரித்தார். பிறகு மகள். பிறகு நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், அது எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு மூன்று மாதமாக நெய்யையும் தேங்காய்ப்பாலையும் நானே என் கையால் ஊற்றியிருக்கிறேன். அந்தப் பெண் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் எங்கள் ஊர்க் குட்டிப் பேருந்தான பஸ் மினி ஒன்று வரைந்தாள். சக்கரம்கூட வைத்தாள்.

"இது குடல்லேருந்து ரத்தத்துக்குப் போற பஸ்னு வச்சுக்குங்க. இடம் கொஞ்சம்தான். கொலஸ்ட்ரால் ஏறணும்னு நிக்குது. செடியில வர்ற சாப்பாட்டுல ஸ்டெரால்னு ஒண்ணு இருக்கு. பாக்கிறதுக்குக் கொலஸ்ட்ராலோட கூடப் பிறந்தது மாதிரியே இருக்கும். அது முந்திக்கிட்டு வந்து வாசல்ல நின்னுடுச்சுன்னா, கொலஸ்ட்ரால்ல கொஞ்சம் ஏற முடியாம வெளியே போயிடும்."

"அப்ப ஸ்டெரால் ரத்தத்துக்குள்ள போகாதா?" என்றாள் மகள்.

"ரொம்பக் கொஞ்சம்தான் போகும். மத்ததெல்லாம் அப்படியே வெளியே போயிடும்."

"புரியுது," என்றார் ரயில்வேக்காரரான என் கணவர். "டிக்கெட் எடுக்காம வாசல்ல தொத்திகிட்டு, மத்தவனையும் ஏற விடாம நிக்கிறவன். எங்களுக்குத் தெரியாதவனா!"

எள், நிலக்கடலை, கொண்டைக்கடலை, பருப்பு, ஓட்ஸ், காய்கறி என்று எழுதிக் கொடுத்தாள். இவற்றில் ஸ்டெரால் கொஞ்சம்தான் இருக்கும், அது மட்டும் அற்புதம் செய்யாது, நெய்யையும் தேங்காய்ப்பாலையும் குறைத்தால்தான் பஸ் நிற்கிற இடத்தில் கூட்டமே குறையும் என்றாள். வெளிநாட்டில் ஸ்டெராலை மார்ஜரினில் சேர்த்து விற்கத் தொடங்கிவிட்டார்களாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றாள். மீன் சாப்பிடலாம், பொரிக்காமல். கடைசியாக, "இது பரம்பரையா வந்தது ஆன்டி. சாப்பாட்டால மட்டும் முழுசா இறங்காமப் போகலாம்," என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரிடம் இன்னும் மூன்று மாதம் கெஞ்சி வாங்கினேன்.

அந்த மூன்று மாதத்தில் என் சமையலறை ஆடிய ஆட்டம்! ஓட்ஸில் தோசை வார்த்தேன், கல்லை விட்டு வர மறுத்தது. ஓட்ஸில் உப்புமா கிண்டினேன், கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. எள்ளை வறுத்துப் பொடித்து, ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் தூவினேன். கொண்டைக்கடலையைத் தினமும் ஊற வைத்தேன். "ம்மா, கோயில்லகூட இவ்வளவு சுண்டல் தர மாட்டாங்கம்மா," என்றாள் மகள். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகச் சோயாப்பால் ஊற்றலாம் என்று எனக்கு ஒரு ஞானோதயம். தெருமுனையில் சோயாப்பால் விற்கிற சீன அங்கிளிடம் ஒரு பை வாங்கி வந்து அப்படியே மீன் குழம்பில் ஊற்றினேன். அவர் அதில் சீனி போட்டிருந்தார்.

கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். "பாயசத்துல மீன் நல்லா வெந்திருக்கு," என்றார்.

மகள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்து சிரித்தாள். நான் அலறிக்கொண்டு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "சிரிக்கிறேன்மா! வெறும் சிரிப்புதான்மா!" என்றாள், கண்ணில் தண்ணீர் வழிய. விரலுக்கடியில் நாடி துள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கையை விட எனக்கு மனமில்லை.

மூன்றாவது பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நன்றாக இறங்கியிருக்கிறது. நீங்கள் உழைத்தது தெரிகிறது," என்றார். "ஆனால் போதாது. சாப்பாட்டை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மாத்திரையும் வேண்டும்."

ஆறு மாதமாக நான் அஞ்சிக்கொண்டிருந்த சொல் அதுதான். மகள் கொஞ்சமும் கலங்காமல், "மாத்திரை போட்டுக்கிட்டு நெட்பால் ஆடலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"தாராளமாக. கல்யாணமும் செய்துகொள்ளலாம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போது முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும், அப்போது மாத்திரையை நிறுத்துவோம்."

"எந்த வயசு வரைக்கும்?" என்றேன்.

"மாத்திரையா?"

"இல்லை. அவள்."

கணவர் என் கையைப் பிடித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை," என்றார். "ஆனால் இவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் கீழே விழுந்த பிறகு தெரிந்தது. உங்கள் மகளுக்குப் பத்தொன்பதில் தெரிந்துவிட்டது. இவள் கிழவியாவதற்கு நிறைய நேரம் வாங்கியிருக்கிறோம்."

கிழவி! என் மகள் கிழவியாவாள் என்று ஒரு டாக்டர் சொல்கிறார்! வெளியே வந்து படிக்கட்டில் இறங்கத் தொடங்கினேன். பல் விழுந்து, முடி நரைத்து, மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிற என் மகளை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ம்மா, எல்லாரும் பாக்கிறாங்க. எழுந்திரும்மா."

"பாக்கட்டும். நீ கிழவி ஆகப் போறே."

"என்ன வாழ்த்துப்பா இது!" என்றாள் அவள் அப்பாவிடம். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியில் அவளும் உட்கார்ந்தாள். ஏறி வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் இன்றும் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் அன்றைக்கு, அந்தப் படியில், அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "பசிக்குதும்மா," என்றாள். நான் அவள் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. நெஞ்சு வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை.

"என்ன வேணும், சொல்லு," என்று எழுந்தேன்.