உயிரோடு மாலை வாங்கிய பிரபு

மெல்பேர்னில் நான் கிளீனிங் செய்யும் மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு. எப்போதோ செத்துப்போனவர். ஒன்பது வயதில் தகப்பனிடமிருந்து பட்டம், மலைகள், ஆடுகள், ஒரு கோட்டை எல்லாம் அவருக்கு வந்தன. வளர்ந்ததும் பாராளுமன்றம் போனார். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இங்கே கவர்னராக வந்து ஆண்டார். ஆண்டு களைத்ததும் தர்மம் செய்யத் தொடங்கினார்: ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், இந்த மண்டபம். எங்கள் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்கள். பிரபு அவர்களுக்கெல்லாம் குரு. வாசல், மேடை, கக்கூஸ் போகும் வழி, எங்கும் அவர் பெயர் பித்தளையில் இருக்கிறது. அதை மினுக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பாதி ஆங்கிலத்தை அந்தப் பித்தளையில்தான் படித்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் முதியோர் சங்கம் அங்கே கூடும். வாடகை இல்லை. சீட்டு, தேத்தண்ணி, சண்டை. போன வருடம் ஒரு செய்தி வந்தது. பிரபுவின் பேரன் ஸ்கொட்லாந்திலிருந்து வருகிறார். அவருக்கும் அதே பட்டம், அதே பாராளுமன்றம், அதே தர்மம். மண்டபத்தை எங்களுக்குத் தொடர்ந்து விடுவதா, விற்பதா என்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார்.

சங்கத் தலைவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, பழைய பிரபுவின்ர சரித்திரத்தைப் பேரனுக்கு முன்னால நீர்தான் சொல்லவேணும். ஒவ்வொரு கிழமையும் அவரைத் துடைக்கிறது நீர்தானே.”

“எனக்குக் கூட்டத்தில கதைக்க வராது, சேர்.”

“செத்தவரைப் பற்றித்தானே கதைக்கப் போறீர்? எழும்பி வந்து பிழை பிடிக்க மாட்டார்.”

படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, ஒரு நிமிடம் மௌனமாக நிற்காமல் எங்கள் நிகழ்ச்சி எதுவும் தொடங்காது. மேடைக்கு மேலே, கன்னமெல்லாம் கிருதாவோடு பழைய பிரபுவின் பெரிய படம் தொங்குகிறது. ஆனால் அந்த உயரத்துக்கு மாலை போட ஆளில்லை. ஆகவே செயலாளர் அன்ரி இணையத்தில் பட்டப்பெயரைத் தட்டி, முதலில் வந்த படத்தை அச்சடித்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அது கலர்ப் படம். கிருதாவும் இல்லை. பழைய பிரபுவின் முகத்தைப் பல வருடமாக நீளத் தடியில் துணி கட்டித் துடைத்தவன் நான். ஆள் வேறு என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் அன்ரி அதற்குள் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். வயது போனபிறகு வழித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தொடங்கவேண்டிய மௌனத்தை நாங்கள் பத்தரைக்குத் தொடங்கினோம். பேரனோ சொன்ன நேரத்துக்கு, சரியாகப் பத்தரைக்கே வந்தார். கதவைத் திறந்துகொண்டு, படத்தில் இருந்தவரே உள்ளே நடந்து வந்தார். தன் முகத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். எல்லோரும் தலை குனிந்து நிற்பதைக் கண்டு தானும் குனிந்து நின்றார்.

அன்ரிதான் முதலில் நிமிர்ந்தார். “ஐயோ பிள்ளையாரே, ஆள் உயிரோட நிக்கிறார்!”

“விளக்கை அணையுங்கோ,” என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அது இன்னும் அபசகுனம், சேர்!”

மைக் என் கையில் இருந்ததால் பிரபு என்னிடம் வந்தார். இது உங்கள் வரவேற்பு முறையா என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் பொய் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

“நோ சேர். நாங்கள் உங்களைச் சாகடித்துவிட்டோம். பிழையாக.”

“எப்போது?”

“இப்போதுதான், சேர்.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முன்வரிசைக் கதிரையில் இருந்துகொண்டு, “பேசுங்கள். செத்தபிறகு என்ன சொல்வார்கள் என்று கேட்க எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” என்றார்.

நான் எழுதி வைத்திருந்தது தாத்தாவைப் பற்றி. பித்தளையில் இருந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். அது முடிந்தும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், பித்தளையில் இல்லாததையும் சொன்னேன். அவர் யாரை நினைத்து இதைக் கட்டினாரோ தெரியாது, எங்களை நினைத்து இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை இங்கே வருகிறவர்களில் சிலர் மற்ற ஆறு நாளும் ஒருவரோடும் கதைப்பதில்லை என்றேன். அதோடு மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பிரபு நாலு வடை சாப்பிட்டார். போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

“என்ன சொன்னவர்?” என்று தலைவர் ஓடிவந்தார்.

“தான் உயிரோட இருக்குமட்டும் செவ்வாய்க்கிழமை எங்களுக்குத்தானாம்.”

தலைவரின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. “ஆளுக்கு என்ன வயசிருக்கும்?”

“எண்பது வரும்,” என்றார் அன்ரி. “மூக்கெல்லாம் சிவந்திருக்கு, பிரஷர்காரர். நாலு வடை வேற குடுத்திட்டம்.”

“அப்ப இங்க த பேசின் கோயில் பிள்ளையாருக்கு மாசாமாசம் அவற்ற பேரில அர்ச்சனை செய்யவேணும். தம்பி, கார் வெளிக்கிட முதல் ஓடிப்போய் நட்சத்திரத்தைக் கேளும்!”

நான் ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஒரு வெள்ளைக்காரரிடம் நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“சேர், நீங்கள் பிறந்தது எத்தனை மணிக்கு?”